ட்ரோன் கெடக்கட்டும்லே, பாட்டு எங்க?

ஏலே தம்பி, இங்கன வந்து உக்காரு. காலேஜுல பாட்டு வீடியோ எடுக்கப் போறீயளாம்லா. சந்தோசம். போஸ்டரையும் பாத்தேன். கறுப்புக் கண்ணாடி, மூஞ்சில பாதி நெழலு, அடியில எறும்பு எழுத்துல பேரு வரிசை. டைரக்டர் ஒருத்தன், கிரியேட்டிவ் டைரக்டர் ஒருத்தன், டிஓபி, அசோசியேட் டிஓபி, ஸ்டைலிஸ்ட், டைட்டில் டிசைன். எல்லாஞ் சரிதான். தண்ணிக் கேன் தூக்குதவன் பேரு எங்கலே? கண்ணாடியப் போட்டுத் தேடிட்டேன், காணலையே. காலைல பத்து மணி தாண்டட்டும், அந்தப் பேரில்லாத பதவியத்தான் மொத ஆளா எல்லாரும் தேடுவீய.

டீசர் வரப்போவுதாம். டீசர் என்னைக்கு வருதுன்னு சொல்லதுக்கு ஒரு போஸ்டராம். அதுக்கும் முந்தி ஃபர்ஸ்ட் லுக்காம். பாட்டு என்ன பாட்டுலேன்னு கேட்டா, "இன்னும் ஃபைனல் ஆகல தாத்தா"ங்க. பொண்ணு பாக்கதுக்கு முந்தியே வளைகாப்புக்குப் பந்தல் போட்ட ஆள இன்னைக்குத்தாம்லே பாக்கேன்.

இந்தக் கெழவனுக்கு இதுல என்ன சோலின்னுதான நெனைக்க? நான் சாத்தான்குளம் பக்கம் ரேடியோ செட்டு வச்சிருந்தவன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, குலசை தசரா, எலக்சன் எதுக்கும் குழாய் கட்டினவன். பனமரத்துல குழாயக் கட்டிப் பாட்டைப் போட்டா பக்கத்து ஊருக்கும் சேத்துக் கேக்கும். எந்த எடத்துல சனம் தலைய ஆட்டும், எந்த எடத்துல எந்திரிச்சுப் போயி வெத்தில துப்பும்னு செட்டுக்காரனுக்குத் தெரிஞ்ச அளவுக்குப் பாட்டுப் போட்டவருக்கே தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் கெட்டுப் போவும். பேத்தி போன்ல யூடியூப் போட்டுக் குடுத்துருக்கா. உங்க சங்கதியெல்லாம் எனக்கு அப்படித்தான் அத்துப்படி.

மொதல்ல கேமரா சண்டையத் தீத்துக்கிடுவோம். வாடகைக்குப் பெரிய கேமரா எடுக்கணும்னு ஒருத்தன். கிம்பல் இல்லாம தொடவே மாட்டேன்னு இன்னொருத்தன். ட்ரோன் இல்லன்னா நான் விலகிக்கிடுதேன்னு மூணாமத்தவன் வாட்சப் குரூப்ப விட்டே போயிட்டானாம். போட்டும்லே. புரோட்டாச் செலவு ஒண்ணு மிச்சம்.

1999-ல ஸ்பைக் ஜோன்ஸ்னு ஒரு அமெரிக்காக்காரன். ஃபேட்பாய் ஸ்லிம்மோட 'பிரைஸ் யூ' பாட்டுக்கு, ஒரு சினிமாக் கொட்டகை வாசல்ல ஒரு கூட்டத்தோட போயி ஆடினான். ஆட்டமும் அரைகுறை ஆட்டம், வேணும்னே அப்படி. நடுவுல கொட்டகை ஆளு ஒருத்தரு வந்து பாட்டுப் பெட்டிய நிறுத்திப்போட்டாரு. அதையும் வெட்டி எறியாம வீடியோவுலயே வச்சிட்டானுவ. மொத்தச் செலவு 800 டாலர்னு சொல்லுதாவ. அந்த வருசம் எம்டிவியில மூணு பரிசு. 2006-ல ஓகே கோன்னு ஒரு கூட்டம், நாலு பேரு. எட்டு டிரெட்மில்ல வரிசையா வச்சு ஒரே ஷாட்ல ஆடி முடிச்சானுவ. பாடகனோட அக்காதான் கூட இருந்து ஆட்டத்த அமைச்சா. கேமரா ஒரே எடத்துல அசையாம நிக்கி. பழகினது மனுசன்தான். கிராமி விருது கெடச்சுது. அவ்வளவு தூரம் எதுக்கு? 2011-ல ஒலகமே தலைய ஆட்டின நம்ம 'கொலவெறி'யில என்ன இருந்துச்சு? ரெக்கார்டிங் ரூம்ல நின்னு பாடுதாவ, அம்புட்டுத்தான்.

இதுல எதுலலே ட்ரோன் பறந்துச்சு? ஆனா மூணுலயும் என்ன நடக்குதுன்னு ஒத்த வரியில சொல்லிப்புடலாம். தியேட்டர் வாசல்ல ஆடத் தெரியாத கூட்டம் ஆடுது. ஓடுத பட்டை மேல நாலு பேரு விழாம ஆடுதானுவ. ஒரு அறையில பாட்டு பொறக்குது. உன் வீடியோவுக்கு அப்படி ஒத்த வரி சொல்லு பாப்போம். என்னது, "ஒரு வைப் தாத்தா"வா? ஹீரோ நடந்து வாரான், திரும்பிப் பாக்கான், மறுபடி நடக்கான். எங்கலே போறான்? பஸ்ஸ விட்டுட்டானா?

சினிமாப் பாட்டுதான் எடுப்பேன்னு அடம் பிடிக்காத. வாத்தியார்கிட்ட காட்டி மார்க்கு வாங்கதோட சரின்னா அது வேற. யூடியூப்ல ஏத்துனியோ, மெஷினே பாட்டக் கண்டுபிடிச்சு கம்பெனிகாரனுக்குத் தாக்கல் சொல்லிரும். வருமானம் அவனுக்குப் போவும், இல்லன்னா வீடியோவே நின்னு போவும். உன் ஹாஸ்டல்ல குளிக்கையில பாடுத பய ஒருத்தன் இருப்பாம்லா, அவனப் பிடி. அவனே கட்டின பாட்டு நாலு இருக்கும், வெக்கப்பட்டு மறைச்சு வச்சிருப்பான். எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்க. பாட்டு ஹிட்டாச்சுன்னா சிநேகிதம் நிக்காது பாத்துக்க.

பாட்டு கெடச்சாச்சா? இப்பம் கேமராவத் தொடாத. ஒரு நோட்டும் பென்சிலும் எடு. காதுல மாட்டுத சாமானக் கழத்தி வச்சிட்டு, போன் ஸ்பீக்கர்ல கேளு. பாக்கப் போற சனம் அதுலதான கேக்கப் போவுது? மொத தரம் சும்மா கேளு. பெறவு நேரத்தக் குறி. தொடக்கத்துலருந்து பதினெட்டாவது செகண்டு வரைக்கும் வெறும் கிதாரு. அங்க குரல் வருது. நாப்பத்தஞ்சுல பல்லவி திரும்புது. ஒண்ணே காலு நிமிசத்துல பறை விழுது. சரணத்துல அவன் மூச்ச இழுத்து ஒரு எடத்துல நிறுத்துதான். அந்த நிறுத்தத்தக் குறிச்சியா? வீடியோவே அங்கதாம்லே இருக்கு. அந்த இடத்துல எந்த மூஞ்சியக் காட்டணும்னு தெரிஞ்சவன்தான் டைரக்டரு. மத்தவன் போஸ்டர்ல பேரு போட்டவன்.

பெறவு ஒரு கணக்கு. மூணரை நிமிசப் பாட்டு, 210 செகண்டு. ஷாட்டுக்கு மூணு செகண்டுன்னு வச்சா 70 ஷாட்டு. ஒரு ஷாட்டுக்கு ஆள நிப்பாட்டி, தலமயிரச் சரி பண்ணி, "தாத்தா கொஞ்சம் ஓரமா நில்லுங்க"ன்னு சொல்லி எடுக்க பத்து நிமிசம் பிடிக்காதா? 700 நிமிசம். பன்னெண்டு மணி நேரத்துக்குப் பக்கம். நம்ம சீமையில மூஞ்சி மூஞ்சியாத் தெரியுத வெளிச்சம் காலைல மூணு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். மிச்சத்த எங்கருந்து கடன் வாங்குவ?

அதனால செட்டுக்காரன் சொல்லுதேன், கேளு. ஒரு எடத்துக்குப் போனா பாடுதவன முழுப் பாட்டையும் தொடக்கத்துலருந்து கடேசி வரைக்கும் பாட வை. ஒரு தரம் தூரத்துலருந்து எடு. ஒரு தரம் இடுப்புக்கு மேல. ஒரு தரம் மூஞ்சி மட்டும். நாலு தரம் ஓடினாலும் கால் மணி நேரந்தான். இதே சோலிய மூணு எடத்துல செஞ்சா எடிட்டிங்ல உக்காரும்போது எந்த வரிக்கும் ஒம்பது வழி கையில இருக்கும். பெறவுதான் சில்லறை ஷாட்டு: தந்தியத் தொடுத வெரலு, மண்ணுல பதியுத காலு, பதநிப் பட்டை. இப்படி எடுத்தவன் தப்பிச்சுக்கிடுவான். ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு ஊருன்னு அலைஞ்சவன், எடிட்டிங்ல அந்த ஒத்த வரி கெட்டுப் போச்சுன்னா எங்க போயி முட்டுவான்?

எடம் பாக்கதுக்கு வருவோம். தேரிக்காட்டுல எடுக்கணும்னு ஆசைப்படுதீய. செவப்பு மணலு, நல்லாத்தான் இருக்கும். உச்சி வெயில்ல போனியானா கண்ணுக்கு மேல வெளிச்சம் விழுந்து கண்குழி ரெண்டும் கறுத்துக் கெடக்கும். மணலு தெறிக்கிற வெளிச்சம் தாடையில செவப்பா ஏறும். மேக்கப்புக்காரி பாவம் என்ன செய்வா? போறதுன்னா விடியதுக்கு முந்தி போயி நில்லு. கடையில ஒரு தெர்மாகோல் அட்டை வாங்கிக்க. அதப் பிடிச்சு வெளிச்சத்த மூஞ்சிக்குத் திருப்பு. சினிமாக்காரனே அதத்தான் பிடிக்கான். காத்து வீசிச்சுன்னா அட்டை அப்படியே பறக்கும்லே, பிடிக்க ஒரு தடியன் வேணும். அந்த அசோசியேட் டிஓபிக்கு இப்பம் சோலி வந்துட்டா?

மணப்பாடும் நல்ல எடந்தான். மணல் மேட்டு மேல கோயிலு, கீழ கடலு. 'கடல்' படமே அங்கதான எடுத்தாவ. சாமியாரப் பாத்து ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு எடு. பூசை நேரத்துல ஸ்பீக்கர வைக்காத. கேட்டா பாதி எடத்துல 'எடுத்துக்கோப்பா'ம்பாவ. கேக்காமப் போனவனத்தான் தொரத்துதாவ.

ட்ரோன் ஆசை இன்னும் விடல போல. குலசையில ராக்கெட் தளம் கட்டுதாவ, 2024-ல அடிக்கல் போட்டாச்சு. அந்தப் பக்கமாப் போயி அனுமதியில்லாம நீ ஒண்ணப் பறக்க விடு, பாப்போம். உன் வீடியோவ மொதல்ல பாக்கது போலீஸாத்தான் இருக்கும். வியூஸ் வந்துரும்லே, அதுக்குக் கொறையில்ல.

தண்டவாளத்துல கிதார வச்சிக்கிட்டு நடக்குத ஷாட்டு இருக்குல்லா உன் நோட்டுல? அடி அத. ரயில்வே சட்டம் 147-ங்கான். அத்துமீறி நடந்தா ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்லன்னா 1000 ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். ஜெயிலையாவது விடு. இப்பம் ஓடுத ரயிலு சத்தமில்லாம வருது. காதுல பாட்ட மாட்டிக்கிட்டு முதுகக் காட்டி நடக்கவன எவன் கூப்பிட்டு எச்சரிப்பான்? காதலி போயிட்டான்னு சோகத்தக் காட்ட வீட்டுத் திண்ணை போதாதா?

சூட்டிங் அன்னைக்கு என் தொழிலுக்கு வாரேன். அந்தக் காலத்துச் சினிமாவுல நடிக்கவங்களேதான் பாடணும். கேமரா ஓட ஓடப் பாடுவாவ. வாத்தியக்காரங்க மரத்துக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு வாசிப்பாவ. தமிழ்ல 1938-ல வந்த 'நந்தகுமார்' படத்துலதான் ஒருத்தர் பாட இன்னொருத்தர் வாயசைக்குத வித்தை தலகாட்டுச்சு. நீ செய்யப் போறதும் அதே வித்தைதான். பாட்ட ஸ்பீக்கர்ல போடணும், அவன் கூடவே பாடணும்.

ஸ்பீக்கர எங்கன வைப்ப? "ஃபிரேம்ல தெரியக்கூடாது தாத்தா, தூரமா வச்சிருவோம்"னு அந்தக் கிரியேட்டிவ் பய சொல்லுதான். மடப்பய. கொடை வீட்டுல தெருக் கடேசி வரைக்கும் குழாய் கட்டினவன்கிட்ட கேளு. பக்கத்துக் குழாயி முந்திப் பாடும், தூரத்துக் குழாயி பிந்திப் பாடும். ஏன்? சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டருதான் நடக்கும். ஸ்பீக்கர் 34 மீட்டரு தள்ளி இருந்தா, பாடுதவன் காதுல விழ ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு பிந்திரும். செகண்டுக்கு 30 படம் எடுக்குத போன்ல அது மூணு படம். உதடு மூணு படம் பிந்துனா பாக்கவனுக்கு என்ன குத்தம்னு சொல்லத் தெரியாது. ஆனா நம்பமாட்டான். ஸ்பீக்கர அவன் காலடியில, படத்துக்கு வெளிய வை. முடிஞ்சுது.

இன்னொண்ணு. பாடுதவன் வாய மட்டும் அசைச்சா ஆகாது. தொண்ட தொறந்து பாடணும். மேல்ஸ்தாயி போறப்ப கழுத்து நரம்பு பொடைக்கணும், நெஞ்சு ஏறி எறங்கணும். வெக்கப்பட்டுக்கிட்டு முணுமுணுத்தான்னா மூஞ்சி ஒண்ணு சொல்லும், பாட்டு ஒண்ணு சொல்லும். சுத்தி நிக்கவன் சிரிப்பான்னு பயந்தா, சிரிக்கவன டீ வாங்க அனுப்பு.

போன ஏரோபிளேன் மோடுல போட்டியா? நல்ல டேக்கு ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் உங்கம்மா "சாப்ட்டியாடா"ன்னு கூப்பிடுவா. தெரையில ஆளு மூஞ்சி மேல வெரல அமுக்கிப் பிடி, வெளிச்சமும் ஃபோகசும் பூட்டிக்கிடும். இல்லன்னா அவன் அசைய அசைய படம் வெளுக்கும், கறுக்கும். ஒவ்வொரு டேக்கு மொதல்லயும் கேமரா முன்னால கைய ஒரு தட்டு தட்டு. போன் பிடிச்ச கரகரச் சத்தத்த அழிச்சிராத. எடிட்டிங்ல ஒரிஜினல் பாட்டப் பொருத்த அதுதான் வழிகாட்டும்.

ஸ்லோ மோஷன் இல்லாம உங்களால வாழ முடியாது. தெரியும். 2000-ல கோல்ட்பிளேன்னு ஒரு இங்கிலாந்துக் கூட்டம் 'யெல்லோ'ன்னு பாட்டுக்கு வீடியோ எடுத்துச்சு. முழுக் கூட்டமும் வாரதா இருந்துச்சு. அன்னைக்கு டிரம் வாசிக்கவரோட தாயாருக்கு அடக்கம், வானமும் கெட்டுப் போச்சு. சரின்னு பாடகன் மட்டும் கடக்கரையில நனைஞ்சுக்கிட்டு நடந்தான். ஒரே ஷாட்டு. செகண்டுக்கு 50 படமா எடுத்து 25-ஆ ஓட்டினாவ. அலை மெதுவா வருது, உதடு மட்டும் பாட்டோட சரியா ஒட்டுது. எப்படி? எடுக்கும்போது பாட்ட ரெட்டை வேகத்துல ஓட விட்டாவ, அவனும் அந்த வேகத்துல பாடினான். உன் பய அந்த வேகத்துக்குப் பாடுவானா? வீட்டுலயே பழகிட்டு வரச் சொல்லு. அங்க வந்து நாக்கு சுளுக்கிக்கிட்டா சூரியன் நிக்காது.

அன்னைக்கு ஒத்திகையில உங்க கூட்டத்துல ஒரு புள்ள ஓரமா உக்காந்து நோட்டுல குறிச்சிக்கிட்டே இருந்தாளே, கன்டினியுட்டின்னு மூலையில தள்ளி வச்சிருக்கீயளே, அவ. வலது கையில கெடந்த கருப்புக் கயிறு அடுத்த டேக்குல இடது கைக்குப் போயிட்டத அவதான் சொன்னா. டைரக்டரு "யாரு பாக்கப் போறா"ன்னான். நாந்தாம்லே பாப்பேன். கமெண்ட்ல எழுதத் தெரியாதே ஒழிய, பாக்கத் தெரியும். எடிட்டிங்குக்கு அந்தத் தாயிய உக்கார வை, வீடியோ பொழைக்கும்.

எடிட்டிங் கதையும் ரொம்பத்தான். சூட்டிங் முடிஞ்ச ராத்திரியே எல்லாத்தையும் ரெண்டு எடத்துல காப்பி பண்ணு. பண்ணாம தூங்கினவன் கதைய நான் சொல்ல மாட்டேன், அழுதுருவ. சாஃப்ட்வேருக்குக் காசு தேடி அலையாத, டாவின்சி ரிசால்வ் சும்மாவே கெடைக்குது. எடுத்த எல்லாத்தையும் மொதல்ல உக்காந்து பாரு. யாரு பாக்கீய? நல்லதா நாலு ஞாபகம் இருக்கும், அத மட்டும் எடுத்து வச்சிட்டு மிச்சத்துக்கு எஃபெக்ட் தேடுவீய. டேக்கு முடிஞ்சு, கேமரா நின்னுட்டுன்னு நெனச்சு அவன் தானாச் சிரிப்பாம்லா, அது எங்க? அது கடேசி மூணு செகண்டுல கெடக்கும். முழுசாப் பாத்தவனுக்குத்தான் கெடைக்கும்.

தாளத்துக்கு வெட்டணும்னு எவனோ சொல்லிக் குடுத்துட்டான். நிமிசத்துக்கு 120 அடி பாட்டுன்னா அரை செகண்டுக்கு ஒரு அடி. 210 செகண்டுக்கு அடிக்கு ஒரு வெட்டு போட்டா எத்தன? 420. நம்பரே என்ன சொல்லுதுன்னு பாத்தியா? பறை விழுத எடத்துல வேகமா வெட்டு, யாரு வேண்டாங்கா? அந்த மூச்ச நிறுத்துத எடம் இருக்குல்லா, அங்க கைய எடு. மூஞ்சி அப்படியே நிக்கட்டும். நாலு செகண்டு, அஞ்சு செகண்டு. உனக்குத்தான் பயம், பாக்கவனுக்கு இல்ல.

கலரு பத்தி ஒண்ணே ஒண்ணு. எங்க ஊருப் புள்ளைக நல்ல கறுப்பு. அத ஆரஞ்சாக்கி, வானத்த பச்சையாக்கி, சினிமாட்டிக்குன்னு பேரு வைக்காத. பெத்த அம்மாவுக்கே அடையாளம் தெரியாமப் போச்சுன்னா அந்த லைக்க வச்சு என்ன செய்ய? எல்லாம் வெட்டி முடிச்ச பெறவு சத்தத்த முழுசாக் கொறச்சிட்டு ஒரு தரம் ஓட்டிப் பாரு. சத்தமில்லாமலும் எங்கயோ போவுதுன்னு தோணுச்சுன்னா சரி. இல்லன்னா பாட்டு மேல சவாரி செஞ்சிருக்க, அம்புட்டுத்தான். கடேசியா, உன்னோட ரொம்ப ஆசையான ஷாட்டு ஒண்ணு இருக்கும். மூணு மணி நேரம் உயிர விட்டு எடுத்துருப்ப. அத வெட்டிட்டு ஓட்டிப் பாரு. ஒருத்தனும் "அது எங்க"ன்னு கேக்கலையா? அது இல்லாமலே இருக்கட்டும்.

டைட்டிலு அரை நிமிசம் ஓடுதாமே. மூணரை நிமிசப் பாட்டுக்கா? "எ ஃபிலிம் பை"ன்னு வேற போட்டுருக்கீயளாம். பாடினவன் பேரு, எழுதினவன் பேரு, எடுத்தவன் பேரு. மிச்சம் பேருக்கு ஒரு புரோட்டா சேத்து வாங்கிக் குடு, பேரு கேக்க மாட்டானுவ.

ஞாயித்துக்கெழம தேரிக்குப் போறதா முடிவு பண்ணியிருக்கீயல்லா. அஞ்சரைக்கு வெளிச்சம் வரும்போது அங்கன நிக்கணும்னா நாலு மணிக்குக் கெளம்பணும். என் வீட்டு மச்சுல ஒரு பெட்டி ஸ்பீக்கர் கெடக்கு, பேட்டரியில ஓடும், தூசி தட்டி வச்சிட்டேன். வாடகை வேண்டாம். தெர்மாகோல மட்டும் சனிக்கெழம சாயங்காலமே வாங்கி வைங்க, கடைக்காரன் விடியக்காலம் தொறக்க மாட்டான். அலாரம் வைக்காத. நீங்க அத அமுக்கிட்டுத் தூங்குத ஆளுங்க. மூணரைக்கு நானே ஹாஸ்டல் வாசல்ல வந்து ஹாரன் அடிக்கேன், வார்டன் எந்திரிச்சா எந்திரிக்கட்டும்.